ஒப்புவித்தலா, பேச்சா? ஜேர்மன் மொழியைப் புதிதாகக் கற்போரின் பேசும் திறனைக் கணிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஜேர்மன் படிக்க வருபவர்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். கணவரோ மனைவியோ ஜேர்மனியில் இருப்பதால் ஏ1 எனப்படும் தொடக்க மட்டச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள் ஒரு வகையினர். 2007 ஆம் ஆண்டிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, வாழ்க்கைத் துணையிடம் சென்று சேர விண்ணப்பிப்பவர்களிடம் அந்நாடு அடிப்படை மொழியறிவைக் கேட்டுவருகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் புறாத்தீவுக்குப் போகும் படகுகளிலும் வேலை செய்துகொண்டு, வரும் வெளிநாட்டவரோடு நாலு வார்த்தை பேசினால் தொழிலுக்கு உதவும் என்று நினைப்பவர்கள் மற்ற வகையினர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இவ்விரு வகையைச் சேர்ந்த இருவர் ஒரே நாளில் வாய்மொழிப் பரீட்சைக்குத் தோற்றினர். முதலாமவர் இளம் குடும்பப் பெண். பெயர், வயது, ஊர், தொழில், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் தேவாரம் பாடுவதுபோலத் தங்குதடையின்றிச் சொல்லி முடித்தார். மற்றவர் படகில் வேலை செய்யும் இளைஞர். ஒவ்வொரு சொல்லுக்கும் தடுமாறினார். வினைச்சொல்லை இடம் மாற்றிப் போட்டார். 25 புள்ளிகளுக்கு அவருக்கு 11 உம் அந்தப் பெண்ணுக்கு 23 உம் இட்டேன். எல்லாம் முடிந்து எழும்பும் வேளையில், பேச்சோடு பேச்சாக, "வீ அல்ற் இஸ்ற் ஈர முற்றர்?", அதாவது உங்கள் அம்மாவுக்கு எத்தனை வயது என்று இருவரிடமும் கேட்டேன். பெண் சிரித்துக்கொண்டே, "இஹ் பின் ஃபியர்-உன்ட்-ட்ஸ்வான்ட்சிஹ்" என்றார். தனக்கு இருபத்துநாலு வயது என்பது அதன் பொருள். இளைஞர் கூரையைப் பார்த்து யோசித்தார். "முற்றர்… ஃபுன்ஃப்ட்சிஹ். நைன், நைன். ஐன்-உன்ட்-ஃபுன்ஃப்ட்சிஹ்." ஐம்பது, இல்லை, ஐம்பத்தொன்று.

நான் இட்ட புள்ளிகள் இரண்டும் பிழை என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துபோயிற்று. ஒப்புவித்தலை அளந்துவிட்டு அதற்குப் பேச்சு என்று பெயர் வைத்திருக்கிறேன். பின்வரும் படிகள் அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியில் உருவானவை. எடுத்துக்காட்டுகள் ஜேர்மன் மொழியிலிருந்து வந்தாலும், பிரெஞ்சு வகுப்பு நடத்துபவர்களும் சிறு மாற்றங்களோடு இவற்றைப் பயன்படுத்தலாம்.

படி 1: எதை அளக்கிறோம் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஐரோப்பியப் பேரவை 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிகளுக்கான பொதுச் சட்டகம், ஏ1 முதல் சி2 வரை ஆறு மட்டங்களை வகுத்திருக்கிறது. அதில் ஏ1 மட்டத்துக்கான விவரணையை ஆசிரியர்கள் பலர் முழுமையாக வாசிப்பதில்லை. எதிரே இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, திரும்பச் சொல்லவும் வேறு விதமாகச் சொல்லவும் ஆயத்தமாக இருந்தால், தன்னைப் பற்றியும் தான் அறிந்தவர்களைப் பற்றியும் எளிய கேள்விகளைக் கேட்கவும் பதிலளிக்கவும் இயலும் என்பதே அதன் சாரம். எதிராளியின் உதவி அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கும் மாணவர் ஏ1 மட்டத்தில் செய்ய வேண்டியதையே செய்கிறார். அதற்காக அவருடைய புள்ளியைக் குறைப்பது முறையாகாது.

இந்த மனத்தெளிவோடு, அந்தத் தவணையில் கற்பித்தவற்றிலிருந்து பத்து வாக்கியங்களை "இயலும்" என்று முடியுமாறு எழுதுங்கள். "தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல இயலும்", "ஒரு பொருளின் விலையைக் கேட்டு, சொல்லப்பட்ட விலையை விளங்கிக்கொள்ள இயலும்", "யன்னலைத் திறக்குமாறு பணிவாகக் கேட்க இயலும்" என்பன போல அவை இருக்கலாம். "நிகழ்கால வினைமுற்றுகளைச் சரியாகப் பயன்படுத்த இயலும்" என்று ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அதை அடித்துவிடுங்கள். அது எழுத்துப் பரீட்சைக்கு உரியது.

படி 2: மனப்பாடத்திலிருந்து மெல்ல வெளியே இழுக்கும் பணிகளை அமையுங்கள்

ஜேர்மன் மொழியைக் கற்பித்துப் பரீட்சையும் நடத்தும் கோதே நிறுவனத்தின் ஏ1 வாய்மொழிப் பரீட்சை மூன்று பகுதிகளைக் கொண்டது. அதிகபட்சம் நான்கு பரீட்சார்த்திகள் ஒன்றாக அமர, முழுவதும் ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிந்துவிடும். முதற்பகுதியில் பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகிய குறிப்புச் சொற்களைக் கொண்டு தம்மை அறிமுகப்படுத்த வேண்டும். பின்னர் ஏதாவதொரு சொல்லை எழுத்துக்கூட்டவும், ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்கப்படுவர். இரண்டாம் பகுதியில் ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்து, அதைக் கொண்டு அருகில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாம் பகுதியில் படமுள்ள அட்டையைப் பார்த்து ஒரு வேண்டுகோள் விடுக்க, மற்றவர் அதற்கு இணங்கவோ மறுக்கவோ வேண்டும். வகுப்பறைக் கணிப்பீட்டுக்கும் இந்த அமைப்பையே எடுத்துக்கொள்வது நல்லது; பரீட்சைக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமாகவும் இருக்கும், போகாதவர்களுக்கும் இது இயல்பான உரையாடலின் வடிவம்தான்.

பத்துப் பணிகளை இவ்வாறு பிரிக்கலாம்: அறிமுகத்தை ஒட்டி நான்கு, கேள்வி கேட்டலும் பதிலளித்தலும் மூன்று, வேண்டுகோள் மூன்று.

அறிமுகப் பகுதியில்தான் ஒப்புவித்தல் ஒளிந்திருக்கிறது. மனப்பாடம் செய்வதைத் தடுக்க வேண்டாம். தொடங்குவதற்கு அது ஒரு பிடிமானம். அவர் சொல்லி முடிந்ததும், சொன்னதிலிருந்தே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு ஓரடி வெளியே போங்கள். சமைப்பது பிடிக்கும் என்றால் என்ன சமைப்பீர்கள் என்று கேளுங்கள். அக்கா ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் எங்கே வசிக்கிறார் என்று கேளுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாக வந்தாலும் போதும், "ரைஸ். உன்ட் ஃபிஷ்" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு அவருடைய சமையலும் தெரிந்துவிட்டது, மொழியும் தெரிந்துவிட்டது. நான்கு அறிமுகப் பணிகளில் இரண்டேனும் இப்படி எதிர்பாராத கேள்விகளாக இருக்கட்டும். ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்காதீர்கள். முதலில் வெளியே போனவர் விறாந்தையில் காத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவார். மூன்றாவது ஆளிலிருந்து எல்லோருடைய அக்காவும் பிராங்பேர்ட்டில் வசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெயர் சொல்வதும் நம்மவர்க்கு எளிதான காரியமன்று. ஜேர்மானியர் குடும்பப் பெயர், தனிப்பெயர் என்று இரண்டைக் கேட்பார்கள். நமக்கு முன்னால் நிற்பது தந்தையின் பெயர். எதைக் குடும்பப் பெயராகச் சொல்வது என்று அந்த இடத்திலேயே யோசிக்கத் தொடங்கும் மாணவர் மொழி தெரியாதவர்போலத் தோன்றுவார். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லப் பழக்கி, அந்தச் சிக்கலைக் கணிப்பீட்டுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.

அட்டைகளைப் பழைய நாட்காட்டி மட்டையில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். சொல் அட்டைகளுக்குப் பாண், மீன், பேருந்து, ஞாயிற்றுக்கிழமை, கடல், வீடு போன்ற சொற்களை ஜேர்மனில் எழுதுங்கள். பட அட்டைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல், பேனை, கதிரை, மின்விசிறி போதும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் மான்களின் படத்தை நான் ஒருமுறை வைத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் மானைக் காட்டி என்ன வேண்டுகோள் விடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. படம் அழகாக இருப்பதைவிட, அதை ஒருவரிடம் கேட்டு வாங்கக்கூடியதாக இருப்பது முக்கியம்.

படி 3: புள்ளித் திட்டத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்

பேசும்போதே புள்ளி இடவேண்டியிருப்பதால், ஆறேழு நிரல்கள் கொண்ட அட்டவணை பயன்படாது. நான் பின்பற்றும் திட்டம் இது:

- பத்துப் பணிகளுக்கும் தலா 2 புள்ளிகள். பொருள் தெளிவாகச் சென்று சேர்ந்தால் 2, ஆசிரியர் கேள்வியை எளிதாக்கிய பிறகோ அரைகுறையாகவோ சேர்ந்தால் 1, சேராவிட்டால் 0.
- உரையாடலை நடத்திச் செல்லுதலுக்கு 3 புள்ளிகள். விளங்காதபோது கேட்டல், மற்றவர் சொன்னதற்குப் பதில் கொடுத்தல், பணிவுச் சொற்களைப் பயன்படுத்தல் என்பன இதில் அடங்கும்.
- மொழிக் கட்டுப்பாட்டுக்கு 2 புள்ளிகள். இலக்கணமும் உச்சரிப்பும் சேர்ந்தே இந்த இரண்டு.

மொத்தம் 25. இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் இரண்டே இரண்டா என்று சக ஆசிரியர்கள் என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். இலக்கணமோ உச்சரிப்போ பொருளைக் கெடுத்தால் அந்தப் பணிக்கான புள்ளி தானாகவே குறையும்; அதற்கு மேலும் தனியே தண்டனை தருவது ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிப்பதற்குச் சமம் என்பது என் பதில். பொதுச் சட்டகத்துக்கு ஐரோப்பியப் பேரவை பின்னாளில் வெளியிட்ட துணைத் தொகுதியிலும், உச்சரிப்புக்கான அளவுகோல் தாய்மொழியாளரைப் போலப் பேசுவதை இலக்காகக் கொள்ளாமல், கேட்பவருக்கு விளங்குவதை மையமாக வைத்தே திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

இந்தத் திட்டத்தை மாணவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். எதற்குப் புள்ளி என்று தெரிந்தவுடன், பிழைக்குப் பயந்து வாயைத் திறக்காதவர்கள் திறப்பார்கள்.

படி 4: இடமும் நேரமும்

இருவர் இருவராக அழையுங்கள். ஒரு சோடிக்குப் பத்து நிமிடம் போதும். குடும்பப் பெண்கள் சிலர் இளைஞர்களோடு சோடி சேரத் தயங்குவர். முதற் கணிப்பீட்டில் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து கலந்து அமர்த்துங்கள், ஏனெனில் கொழும்பில் பரீட்சை மண்டபத்தில் யார் பக்கத்தில் இருப்பார் என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதற்கு அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். தொலைபேசியை வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துணியின் மேல் வையுங்கள்; மின்விசிறியை அந்தப் பத்து நிமிடமும் நிறுத்திவிடுங்கள். வைகாசி வெயிலில் இது கொடுமைதான், ஆனால் விசிறியின் இரைச்சலில் முதலில் காணாமற்போவது சொல்லிறுதி மெய்யெழுத்துகளே.

படி 5: கேட்பவராக எப்படி நடந்துகொள்வது

கணிப்பீட்டின் நம்பகத்தன்மை பெரும்பாலும் ஆசிரியரின் வாயைப் பொறுத்தது. ஒரு மாணவருக்கு இரண்டு முறை திருப்பிச் சொல்லி, இன்னொருவருக்குத் தமிழில் பொருள் சொல்லி, மூன்றாமவருக்கு முறைத்துப் பார்த்தால், இட்ட புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஆகவே உதவிக்கு ஓர் ஒழுங்கை வகுத்து, எல்லோரிடமும் அதே ஒழுங்கில் செல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து செக்கன் எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதே கேள்வியை அதே சொற்களில் மெதுவாகக் கேளுங்கள். பிறகும் வராவிட்டால் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் கேள்வியாக மாற்றுங்கள்: "ட்றிங்கன் சீ ரே ஓடர் கஃபே?" தேநீரா, கோப்பியா? அதற்கும் மௌனமென்றால் புன்னகையோடு அடுத்த பணிக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டு கட்டங்களில் வந்த பதிலுக்கு முழுப் புள்ளி; மூன்றாவதில் வந்ததற்கு ஒன்று. தமிழுக்கு மட்டும் இறங்க வேண்டாம்.

ஐந்து செக்கன் என்பது சொல்வதற்குச் சிறியது, காத்திருப்பதற்கு மிக நீண்டது. முதன்முறையாகச் செய்யும்போது இரண்டாவது செக்கனிலேயே உங்கள் வாய் திறந்துவிடும். நான் மேசைக்குக் கீழே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணப் பழகினேன்.

நமது பழக்கவழக்கம் குறுக்கே வரும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று தலையாட்டல். ஆம் என்பதற்கும் விளங்குகிறது என்பதற்கும் சரி என்பதற்கும் நம் மாணவர் தலையை மட்டும் அசைப்பர். நமக்குப் பொருள் தெரிவதால் நாமும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு முன்னே போய்விடுகிறோம். ஜேர்மானியப் பரீட்சகருக்கு அந்த அசைவு ஆமா இல்லையா என்றே புரியாமல் போகலாம். வாயால் சொல்லும்வரை புள்ளி இல்லை என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். மற்றையது, பெரியவர்களிடம் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். விளங்காத கேள்விக்குத் தலைகுனிந்து மௌனமாக இருந்த ஒருவரிடம் பின்னர் விசாரித்தபோது, "சேர் ஒருக்காச் சொன்னதைத் திருப்பிக் கேக்கக் கூச்சமாக் கிடந்தது" என்றார். அந்த மௌனத்துக்கு நான் பூச்சியம் இட்டிருந்தேன். இப்போது முதல் வகுப்பிலேயே கற்பிக்கும் மூன்று தொடர்கள் "வீ பிற்ற?", "நொஹ் ஐன்மால், பிற்ற", "லங்ஸாம், பிற்ற" என்பவை: என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை, மெதுவாக. ஒவ்வொரு கணிப்பீட்டிலும் ஒரு கேள்வியை வேண்டுமென்றே வேகமாகக் கேட்டு, இந்தத் தொடர்களில் ஏதாவதொன்று வருகிறதா என்று பார்க்கிறேன். வந்தால், உரையாடலை நடத்திச் செல்லுதலுக்கான மூன்றில் ஒன்று அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

ஒரு விடயத்தில் நம் மாணவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ஜேர்மனில் "சீ" என்பதற்கும் "டு" என்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நமது நீங்கள், நீ போன்றது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திண்டாடும் இந்த இடத்தில் தமிழருக்கு விளக்கமே தேவைப்படாது.

படி 6: எந்தப் பிழையை எப்படி எடைபோடுவது

தமிழிலிருந்து வரும் பிழைகளில் பெரும்பாலானவை பொருளைத் தொடுவதில்லை. "நான் ஆசிரியை" என்பதில் தமிழுக்கு இணைப்பு வினை தேவையில்லை. அதனால் மாணவி "இஹ் லேரரின்" என்று "பின்" என்பதை விட்டுவிடுவார். விளங்குகிறது. வினையை இறுதியில் கொண்டுபோய் "இஹ் ரே ட்றிங்க" என்பார். அதுவும் விளங்குகிறது. டெர், டீ, டஸ் என்னும் மூன்று பால் சுட்டுகளைக் கலந்துவிடுவார். மேசையும் கதிரையும் யன்னலும் அஃறிணை என்று ஒரே கூடைக்குள் போட்டு வளர்ந்தவர்களிடம், மேசைக்கு ஆண்பால் என்பது உடனே பதிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பணிப் புள்ளியில் கைவைக்காதீர்கள்.

கைவைக்க வேண்டிய பிழைகள் வேறு. எண்கள் அவற்றில் தலையானவை. இருபத்தைந்து என்று நாம் பத்தை முதலில் சொல்கிறோம். ஜேர்மானியர் ஐந்தும் இருபதும் என்று ஒன்றை முதலில் சொல்கிறார்கள். இதனால் 25 யூரோ 52 யூரோவாக மாறிவிடும். இலக்கணம் முழுவதும் சரியாக இருந்தும் விலை பிழைத்தால் அந்தப் பணி நிறைவேறவில்லை. 15 உக்கும் 50 உக்கும் இடையே ஈற்றொலி மட்டுமே வேறு. அதையும் கவனமாகக் கேளுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் பழகிய மாணவருக்கு ஆ, ஏ, ஈ என்ற ஒலிகள் பொறி வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தின் முதலெழுத்தை நாம் ஏ என்கிறோம். ஜேர்மனில் அந்த எழுத்தின் பெயர் ஆ. ஏ என்றால் அங்கே ஐந்தாவது எழுத்து. ஆங்கிலத்தில் ஈ என்பது ஐந்தாவது. ஜேர்மனில் ஈ என்பது ஒன்பதாவது. ஆங்கிலப் பழக்கத்தில் திருகோணமலையை எழுத்துக்கூட்டினால், கேட்பவர் எழுதிக்கொள்வது வேறோர் ஊராக இருக்கும். ஆங்கிலத்தை மறந்து தமிழ் உயிரெழுத்துகளை நினைத்துக்கொள்ளச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

கொப்பியின் ஓரத்தில் ஜேர்மன் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும் வழக்கமும் ஒரு காரணி. வெதுப்புவதற்கான சொல்லும் பொதி கட்டுவதற்கான சொல்லும் அப்படி எழுதினால் இரண்டும் "பக்கன்" ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையும் அதே குறைபாட்டோடுதான் அச்சாகிறது. இத்தகைய குழப்பம் இடத்தை வைத்துப் புரிந்துவிட்டால் விட்டுவிடுங்கள், புரியாவிட்டால் மட்டும் ஒரு புள்ளியைக் குறையுங்கள்.

படி 7: இரண்டாவது காது

பரீட்சை முடிந்த அன்றே இறுதிப் புள்ளியை எழுதிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, முதலில் இட்டதைப் பார்க்காமல், மூன்று ஒலிப்பதிவுகளை மீண்டும் கேட்டுப் புள்ளியிடுங்கள். இரண்டு முறைக்கும் இடையே 3 புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு வந்தால், அதற்குக் காரணம் உங்கள் அளவுகோலில் இருக்கிறது. எந்தப் பணியில் பிரிகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பணிக்கு எது 1, எது 2 என்று எழுதிக்கொள்ளுங்கள். சக ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் இதைச் செய்தபோது தெரியவந்த உண்மை கொஞ்சம் வெட்கத்துக்குரியது: காலையில் வந்தவர்களுக்குத் தாராளமாகவும், மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தவர்களுக்குக் கஞ்சத்தனமாகவும் இட்டிருந்தேன்.

படி 8: முடிவைச் சொல்லும் விதம்

வெறும் எண்ணைச் சொல்லி அனுப்பினால், மாணவர் அதைப் பக்கத்து ஆளின் எண்ணோடு ஒப்பிடுவதோடு சரி. ஒரு சிறு துண்டில் மூன்று வரிகள் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பணி நன்றாக நிறைவேறியது, எங்கே பொருள் அறுந்தது, அடுத்த கணிப்பீட்டுக்குள் எந்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். கடைசி வரியில் ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள். துண்டைக் கொடுத்துவிட்டு, அவருடைய பதிவிலிருந்து அந்தப் பொருள் அறுந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலானோர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வர்.

மேலே சொன்ன குடும்பப் பெண்ணின் பதிவை இந்தத் திட்டத்தில் மீண்டும் மதிப்பிட்டபோது அவருக்குக் கிடைத்தது 14. படகு இளைஞருக்கு 18. பெண்ணின் துண்டில் "எதிர்பாராத கேள்வி வரும்போது யாரைப் பற்றிய கேள்வி என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்" என்று எழுதினேன். அடுத்த ஆறு வாரமும் வகுப்புக்கு வந்து அமர்ந்ததும் பக்கத்தில் இருப்பவரின் அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருடைய வயதையும் அவர் ஜேர்மனில் விசாரிக்கத் தொடங்கினார். இளைஞரின் துண்டில் எழுதியது "வினைச்சொல்லை இரண்டாவது இடத்தில் வைத்துப் பழகவும்" என்பது. அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படகுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்.